கடைத்தெருவும் கல்லூரியும்

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் நாம் அடிக்கடி கேட்கும் விவாதம் ஒன்று உண்டு. பட்டம் பெற்ற மகன் விற்பனைத் துறையில் புக விரும்புகிறான். இன்னும் ஈராண்டு பொருள் செலவிட்டு நிர்வாகக் கல்வி பயில்வதா, அன்றி ஒரு கம்பெனியில் அமர்ந்து, கடைகடையாக ஏறி இறங்கித் தொழிலைத் தானே கற்பதா என்பது கேள்வி. தந்தையின் நம்பிக்கை பட்டத்தின் மீது. தட்டெழுத்து, சுருக்கெழுத்துச் சான்றிதழ்களைத் துணையாகக் கொண்டு ரயிலேறி வந்த தலைமுறையின் வழிவந்தவர் அல்லவா அவர்! இக்கேள்விக்கு விடை தேடிக் குஜராத்திலுள்ள ஆனந்த் என்னும் ஊரின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

1949-ஆம் ஆண்டில் வர்கீஸ் குரியன் என்னும் இளைஞர் அரசாங்க அலுவலராக அவ்வூரை அடைந்தார். அவர் கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் பயின்று, அமெரிக்காவில் மேற்பட்டம் பெற்றவர். ஏட்டுக் கல்விக்குக் குறைவில்லை. ஆயினும் அவர் கற்றது இயந்திரங்களைப் பற்றியதேயன்றி, விற்பனையைப் பற்றியதன்று. திரிபுவன்தாஸ் படேலின் தலைமையில் கைரா ஜில்லா உழவர்கள் 1946-இல் நிறுவிய பால் கூட்டுறவுச் சங்கத்தின் பணியை ஏற்ற பின்னரே அந்தப் பாடம் தொடங்கிற்று.

தொடக்கமே கடினமாயிருந்தது. பம்பாய்ச் சந்தையில் போல்சன் வெண்ணெய் கொடிகட்டிப் பறந்த காலம் அது. மக்களின் நா அதன் உப்புக்கும், கண் அதன் மஞ்சள் நிறத்துக்கும் பழகியிருந்தன. சங்கத்தார் எருமைப் பாலின் புத்தம்புதிய ஏட்டிலிருந்து எடுத்த வெண்ணெயோ வெளுத்த நிறத்தது. பழகிய நாவுக்குச் சப்பென்றிருந்தது. தூய்மையில் குறையில்லை, வாங்குவோர்தாம் தயங்கினர். உப்பும் நிறமும் சேர்த்த பின்னரே அது விலைபோயிற்று. செய்பவர் நல்லதெனக் கருதுவது வேறு, வாங்குபவர் விரும்புவது வேறு என்னும் உண்மையைக் கடைத்தெரு இவ்வாறு கற்பித்தது. தமக்குத் தெரியாததை அறிந்தவரிடம் விடுவதும் ஒரு கல்வியே. 1966-இல் ஸில்வெஸ்டர் டகுன்ஹாவிடம் 'அமுல்' விளம்பரப் பணியை ஒப்படைத்த குரியன் அதில் குறுக்கிடவில்லை. அவ்விளம்பரத்தில் தோன்றிய புள்ளிச் சட்டைச் சிறுமியை இன்றும் நாடு முழுவதும் அறியும்.

இனி மறுபக்கத்தைக் காண்போம். 1961-இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய நிர்வாகவியல் கழகங்கள் தோன்றின. ஒரு நிறுவனம் பட்ட இடர்ப்பாட்டை எழுத்தில் வடித்து, 'நீர் அங்கிருந்தால் என் செய்வீர்?' என்று மாணவரை வினவும் முறையை அகமதாபாத் கழகம் ஹார்வர்டிலிருந்து கைக்கொண்டது. அதாவது, கடைத்தெருவின் அனுபவமே வகுப்பறைக்குப் பாடமாயிற்று. இன்னொரு வியப்பும் உண்டு. அக்கழகத்தை உருவாக்குவதில் முன்னின்ற விக்ரம் சாராபாய் ஒரு பௌதிக விஞ்ஞானி. 1965-இல் அதன் இயக்குநராகப் பொறுப்பேற்ற ரவி மத்தாய் ஆக்ஸ்ஃபோர்டில் பி.ஏ. பட்டம் பெற்றவர்; நிர்வாகவியலில் பட்டம் பெறாதவர்.

பட்டமின்றியே தொழிலறிந்தவர்கள் பள்ளி எதற்காக அமைத்தார்கள்? 1979-இல் குரியனும் ஆனந்தில் ஊரக நிர்வாகத்துக்கெனத் தனிக் கல்வி நிலையம் ஒன்றை நிறுவினாரே, ஏன்? தானே கற்பவனின் ஒவ்வொரு பிழைக்கும் யாரேனும் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆனந்தில் அந்த விலை எருமை வளர்த்த ஏழை உழவரின் தலையில் விழக்கூடியது. ஒருவர் அரும்பாடுபட்டு அறிந்ததை அடுத்தவர் விரைவில் அறியச் செய்வதே பள்ளியின் பயன் என்று நாம் கருதுகிறோம். அதே சமயம், அந்நிலையத்தின் மாணவர் கிராமங்களுக்குச் சென்று தங்கிக் கற்பதும் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியே. பள்ளி கடைத்தெருவை மறக்கவில்லை.

மொழிபெயர்ப்பை அலுவலகக் கோப்புகளுக்கு நடுவே கற்றவர்கள் நாம். நம் பிழைகளில் சிவப்பு மையால் கோடிட்ட மூத்தவர்கள் இல்லையேல், இன்றும் அதே பிழைகளைச் செய்துகொண்டிருப்போம். ஆகவே தந்தையருக்கு நாம் கூறுவது இதுதான்: வசதியுண்டெனில் மகனைப் பள்ளிக்கு அனுப்புக, ஆனால் பட்டத்தோடு கல்வி முடிந்ததென எண்ணற்க. வசதியில்லையேல் வருந்தற்க, பிழை திருத்தும் மூத்தவர் ஒருவர் உள்ள இடமாகத் தேடி வேலையில் அமர்த்துக. அதுவும் ஒரு பள்ளியே.