மீட்பும் மீட்சியும்

திருச்சி மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள கடைவீதிகளில் அடகு நகையை ‘மீட்க’ வருபவர்கள் உண்டு. தெப்பக்குளத்தை அடுத்த லூர்து மாதா கோயிலில் அதே சொல் ‘மீட்பர்’ ஆகிறது. ‘போதை மீட்பு மையம்’ என்பதிலும் அதுவேதான்.

வேர் ‘மீள்’. ஒருவர் தானே திரும்பி வருவது மீள்வது. அதன் பெயர் மீட்சி. இன்னொருவர் திருப்பிக் கொண்டுவருவது மீட்பது; அதன் பெயர் மீட்பு. பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்பதற்குப் புறப்பொருள் வெண்பாமாலை கரந்தை என்று தனித் திணையே வகுத்தது. வீணையை ‘மீட்டுவது’ வேறு சங்கதி.

ஓர் எழுத்து வேறுபாடுதானே என்று தள்ளிவிட முடியாது. 1985-இன் போதைப்பொருள் சட்டத்தில் இரண்டுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. போதைப்பொருளை உட்கொண்டதாகவோ சிறு அளவு வைத்திருந்ததாகவோ குற்றம் சாட்டப்பட்ட போதை அடிமை தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால், பிரிவு 64ஏ அவரை வழக்கிலிருந்து விடுவிக்கிறது. பாதியில் விட்டால் அந்தச் சலுகை பறிபோகலாம். இது மீட்சி. பிரிவு 39-இன்படி, இதே குற்றங்கள் உறுதியான போதை அடிமையையும் அவர் சம்மதத்துடன் நீதிமன்றம் சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பலாம். சிகிச்சையின் பலன் பற்றி அவர் ஓராண்டுக்குள் நீதிமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும். இது மீட்பு.

அமெரிக்காவில் இதற்கென்றே 1989-இல் மயாமியில் தனி நீதிமன்றம் தொடங்கியது. இங்கே சட்டம் இருக்கிறது, கேட்டுப் பெறுபவர்தான் குறைவு என்று தோன்றுகிறது.

இலவசச் சட்ட உதவிக்கு 15100. போதை மறுவாழ்வு ஆலோசனைக்கு 14446.