பெரியதாழைக் கரையிலிருந்து செவ்வாய் வரை

கடலுக்குப் போகிறவர்களுக்கு வானம்தான் கடிகாரம். நம் பெரியதாழையில் விடிவெள்ளியைத் தெரியாதவர் கிடையாது. அதற்கு அண்ணன் தம்பி மாதிரி இன்னொரு பக்கத்துக் கிரகம் செவ்வாய். சிவப்பாக, மினுக்காமல் நிற்கும், நீங்களும் பார்த்திருப்பீங்க. அந்தச் சிவப்பு வேறொன்றும் இல்லை, இரும்புத் துருதான். பழைய நங்கூரத்தில் ஏறுகிற அதே துரு.

குறுக்களவில் பூமியில் பாதி. பூமியில் 60 கிலோ எடை காட்டுகிறவர் அங்கே 23 கிலோதான் காட்டுவார். ஒரு நாள் என்பது நம் நாளைவிட அரைமணி சொச்சம் அதிகம். ஒரு வருஷமோ 687 நாள். காற்று உண்டு, ஆனால் நம் காற்றின் அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, அதிலும் பெரும்பகுதி கரியமில வாயு.

1965 ஜூலையில் அமெரிக்காவின் மாரினர் 4 பக்கத்தில் போய்ப் படம் எடுக்கும்வரை அங்கே கால்வாய் இருக்கிறது, பயிர் இருக்கிறது என்று நம்பியவர்கள் உண்டு. படத்தில் வந்தது பள்ளமும் பாறையும்தான். 1976-ல் வைக்கிங் இறங்கியது, 1997-ல் சோஜர்னர் என்ற சின்ன வண்டி ஓடியது. ரஷ்யர்கள் 1960-லிருந்து முயன்று பல கலங்களை இழந்தார்கள். ஜப்பான் 1998-ல் அனுப்பியதும் போய்ச் சேரவில்லை.

இந்த நிலையில்தான் நம் மங்கள்யான். திட்ட இயக்குநர் சுப்பையா அருணன் நம்ம திருநெல்வேலிச் சீமைக்காரர். இத்திட்டத்தில் முக்கியப் பொறுப்பு வகித்த மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடி. மொத்தச் செலவு 450 கோடி ரூபாய்.

2013 அக்டோபர் 28-ல் கிளம்ப வேண்டியது. ஏன் தள்ளிப்போனது தெரியுமோ? கடல்! ராக்கெட்டின் கடைசிக் கட்டம் எரிவது தென் பசிபிக்குக்கு மேலே. அங்கே சைகை வாங்க நாலந்தா, யமுனா என்று இரண்டு கப்பல்கள் போயின. மோசமான வானிலையால் நாலந்தா உரிய இடத்துக்குப் போய்ச் சேரத் தாமதமானது. நம் ஊரில் காற்றுக்காகக் காத்திருக்கிற மாதிரியே ஸ்ரீஹரிகோட்டாவும் காத்திருந்தது. பிறகு கிளம்பிய நவம்பர் 5, செவ்வாய்க்கிழமை! ‘செவ்வாயோ வெறுவாயோ’ என்று நல்ல காரியத்தைத் தள்ளிப்போடுகிறவர்கள் கவனிக்கவும்.

பி.எஸ்.எல்.வி.க்குக் கலத்தை நேரே செவ்வாய்க்கு எறியும் வலு இல்லை. அதனால் ஊஞ்சலை உந்துகிற மாதிரி, பூமிக்கு அருகில் வரும்போதெல்லாம் எஞ்சினைக் கொஞ்சம் எரித்துச் சுற்றை நீட்டினார்கள். நவம்பர் 11-ல் ஒரு உந்தல் குறைந்துபோனது. ஒரு லட்சம் கி.மீ. உயர வேண்டியது 78,000 கி.மீ. அளவில் நின்றது. மறுநாளே சரிசெய்தார்கள். டிசம்பர் 1-ல் பூமியை விட்டுப் பிரிந்தது.

உண்மையான கவலை அதற்குப் பிறகுதான். ஏறக்குறைய 300 நாள் சும்மா கிடந்த எஞ்சின் மறுபடி எரியுமா? மடைபோய் வள்ளத்து மோட்டார் பத்து நாள் சும்மா கிடந்தாலே மல்லுக்கு நிற்கும். இதை எண்ணியே எரிபொருளுக்கு மாற்றுக் குழாய்வழி ஒன்றும் வைத்திருந்தார்கள். 2014 செப்டம்பர் 22-ல் நான்கு விநாடி எரித்துப் பார்த்தார்கள், எரிந்தது. 24-ந் தேதி காலை ஏறக்குறைய 24 நிமிடம் எரிய வேண்டும். கலம் அப்போது சுமார் 22 கோடி கி.மீ. தூரத்தில். சைகை வரவே பன்னிரண்டரை நிமிடம். போதாக்குறைக்கு நடுவில் கலம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்துவிடும். முன்பே ஏற்றி வைத்த கட்டளைப்படி அதுவே செய்துகொள்ள வேண்டியதுதான், கரையிலிருந்து கூப்பிட்டுச் சொல்ல வழியில்லை. காலை எட்டு மணியளவில் சேதி வந்தது. ஆசியாவிலிருந்து செவ்வாயைச் சுற்றிய முதல் கலம்.

ஆறு மாத ஆயுளுக்குச் செய்தது, ஏழரை வருஷம் உழைத்தது. 2022 ஏப்ரலில் அடுத்தடுத்து நீண்ட கிரகண நிழலில் சிக்கித் தொடர்பு அறுந்தது.

இனி நம் வாசலுக்கு வருவோம். மணப்பாட்டைத் தாண்டினால் குலசேகரன்பட்டினம். அங்கே சிறிய ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகிற ராக்கெட் இலங்கையைச் சுற்றிப் போக வேண்டும், எரிபொருள் வீண். இங்கிருந்து தெற்கே திறந்த கடல். அந்தத் திறந்த கடல்தான் நம் ஜனங்களின் தொழிலிடமும். ஏவும் நாளில் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் கடலுக்குப் போகக் கூடாது, அன்றைய வருமானத்துக்கு என்ன வழி என்பதை ஊர்க்காரர்களோடு முன்கூட்டியே உட்கார்ந்து பேசி எழுத்தில் வாங்க வேண்டும். இயற்பியல் படிக்கும் நம் கல்லூரித் தம்பி தங்கைகள் இரண்டு பக்கத்துப் பேச்சும் புரிந்தவர்கள். அந்தக் கூட்டத்தில் அவர்கள் இருந்தால் நல்லது.