ஆட்டு எருவும் மலைக் குளிரும்

'ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம்' என்பது நம் உழவர் வாக்கு. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அதைக் கேட்டால் 1877-ம் வருஷத்துப் பிரான்ஸ் நினைவுக்கு வரும்.

அவ்வருஷம் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இரு பிரெஞ்சு விஞ்ஞானிகள், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாயில் சாக்கடை நீரை மெல்ல வடியவிட்டார்கள். சுமார் 20 நாள் மாற்றமில்லை. பிறகு அம்மோனியா நைட்ரேட்டாகி வந்தது. குளோரோஃபார்ம் ஆவி பட்டதும் நின்றது. தோட்டத்து மண் கரைத்த நீர் ஊற்றியதும் மீண்டும் தொடங்கியது. அது நுண்ணுயிர்களின் வேலை என்று புரிந்தது.

ஆட்டுப் புழுக்கையில் தழைச்சத்து அதிகம். பயிருக்குச் சீக்கிரம் கிடைக்கும். வைக்கோல் கலந்த மாட்டு எருவிலோ, அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களே தழைச்சத்தை முதலில் எடுத்துக்கொள்ளும், பயிருக்குத் தாமதம்.

நம் மேல்மலையில் குளிரும் சேர்ந்துகொள்கிறது. பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கத்துக் குளிரில் நுண்ணுயிர்கள் நிதானமாகத்தான் வேலை செய்யும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டுக்கு எருவை முன்கூட்டியே இட்டு மண்ணில் கலப்பது நல்லது.

தழைச்சத்து தப்பிப்போக இரண்டு வழி உண்டு. கிடை போட்ட நிலத்தை உடனே உழாவிட்டால், ஆட்டு மூத்திரத்தின் சத்து அம்மோனியாவாகிக் காற்றில் போகும். எருவை அளவுக்கு மீறிக் கொட்டினாலோ, நைட்ரேட்டாகி மழையோடு சரிவில் இறங்கி ஓடையில் சேரும். முதலாவது உழவனுக்கு நஷ்டம். இரண்டாவது, அந்த ஓடைத் தண்ணீரைக் குடிக்கும் கீழூர்க் குழந்தைகளுக்கும் கேடு.