அப்பா போடாத கையெழுத்து

புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்தை நம் வயதுக்காரர்கள் அறிவார்கள். 1827இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கியது. ரோமன் ரோலண்ட் பிறந்த நூற்றாண்டான 1966இல்தான் இப்பெயர் வந்தது. பள்ளி நாட்களில் அங்கே கதைப் புத்தகங்கள் எடுத்திருக்கிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு போனது வேறொரு தேடலுக்காக.

எங்கள் வீட்டில் தீராத பேச்சு ஒன்று உண்டு. சித்தப்பா பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார். அவர் பிள்ளைகள் இன்று பிரான்சில். அப்பா வைத்துக்கொள்ளவில்லை. "அப்பா கையெழுத்துப் போட்டு நம்மை இந்தியராக்கிவிட்டார்" என்பான் அண்ணன். அப்பாவோ கடைசிவரை, "நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லையடா" என்றே சொல்லிப் போய்ச் சேர்ந்தார். இருவரில் யார் சொன்னது சரி?

முதலில் 1954ஆம் ஆண்டைத் தேடினேன். அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. குடியுரிமை பற்றிய முடிவு அதில் இல்லை. பிறகு 1956 மே 28 அன்று கையெழுத்தான உடன்படிக்கை. "ஆறு மாதக் கெடு" என்று ஊரில் சொல்வார்களே, அதை அந்த நாளிலிருந்து எண்ணிப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை.

பொருந்தாத காரணம், பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை 1962 வரை ஏற்காமல் வைத்திருந்ததுதான். நடுவில் அல்ஜீரியப் போர். உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்டு 16. கெடு அன்றிலிருந்துதான் தொடங்குகிறது. கையெழுத்தான நாள் வேறு, நடைமுறைக்கு வந்த நாள் வேறு. கோப்புகளோடு காலம் தள்ளிய குமாஸ்தா எனக்கே இது உறைக்க இத்தனை நாள் ஆயிற்று.

கடைசியில் மூல வாசகத்தைப் பிரெஞ்சிலேயே படித்தேன். நான்காம் பிரிவின்படி, இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் தாமாகவே இந்தியர் ஆகிறார்கள். ஐந்தாம் பிரிவின்படி, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். 'கொன்சேர்வசியோன்' என்ற சொல் அதில் இருக்கிறது. இருப்பதை வைத்துக்கொள்வது என்று பொருள். இருப்பதை வைத்துக்கொள்ளத்தான் கையெழுத்து வேண்டியிருந்தது. சும்மா இருந்தால் போய்விடும்.

அப்பா சொன்னது உண்மை. அவர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. கையெழுத்துப் போட்டால்தான் எதுவும் மாறும் என்று நம்பிய தலைமுறை அது. போட்டால் கப்பலேற்றி விடுவார்கள் என்ற பயமும் தெருவில் உலவியது. அவருக்குப் பிரெஞ்சு எழுத்து தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் அப்போது நான் பதினோரு வயதுப் பையன்.

அண்ணனுக்கு அந்தப் பக்கத்தைப் படித்துத் தமிழில் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "இதை அப்பா இருக்கும்போதே தேடியிருக்கலாமே" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ஊர்ப்பேச்சில் வரும் சட்டத்தை நம்பி யார் மீதும் பழி போடாதீர்கள். நூலகத்தில் மூல வாசகத்தைக் கேளுங்கள், தேதியைச் சரிபாருங்கள். வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்யுங்கள்.