மடிந்து விழும் படம்

எங்க ஊர் நாகலூரில் பனி மூடிய ராத்திரியில் அகலமாக அடிக்கிற டார்ச் உதவாது. பனி முழுக்க வெள்ளையாகி பாதையே மறைந்துவிடும். வேண்டிய இடத்தில் மட்டும் ஒளி விழணும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலும் இதே தலைவலி உண்டு. அதன் வேரைத் தேடிப்போனால் ஒரு இந்தியப் பெயர் வருகிறது.

1973-ல் பால் லாட்டர்பர், காந்தச் சரிவின் திசையை மாற்றி மாற்றி எடுத்த அளவுகளிலிருந்து தண்ணீர்க் குழாய்களின் படத்தை உருவாக்கினார். 1975-ல் சூரிக்கில் இருந்த அனில் குமார் (பின்னாளில் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி. பேராசிரியர்), டீட்டர் வெல்டி, ரிச்சர்ட் எர்ன்ஸ்ட் மூவரும் வேறு வழி சொன்னார்கள். ஒரு திசையில் சிறிது நேரம் சரிவு, பிறகு வேறு திசையில் சரிவு வைத்து சிக்னல் பதிவு. முதல் சரிவின் நேரத்தை மாற்றி மாற்றி இதையே திரும்பச் செய்தால், ஃபூரியர் கணக்கு படத்தைத் தந்துவிடும். இன்றைய பெரும்பாலான ஸ்கேனர்களுக்கு அடிப்படை இதுதான்.

இதில் ஒரு வில்லங்கம். படச் சட்டத்தைவிட உடம்பு அகலமாக இருந்தால், வெளியே நிற்பது எதிர்ப்பக்கமாக மடிந்து படத்துக்குள் விழும். தண்டுவடமோ விரல் பருமன்தான். அதுக்காக கழுத்து முழுவதையும் அளக்கணுமா? வேகமான எக்கோ-பிளானர் முறையில் அளவீடு நீள நீள படம் நெளியும்.

சிக்னலே வேண்டிய இடத்தில் மட்டும் எழும்பினால்? 1985-ல் டேவிட் ஃபைன்பெர்க் குழு இரண்டு ரேடியோ பல்ஸ்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்ச்சியது. இரண்டும் சந்திக்கும் பகுதி மட்டும் படமாகும். ஆனால் இரண்டாவது பல்ஸ் பக்கத்து ஸ்லைஸ்களையும் கலைத்துவிடும்.

1989-ல் ஸ்டான்ஃபோர்டின் ஜான் பாலி, டுவைட் நிஷிமுரா, ஆல்பர்ட் மகோவ்ஸ்கி விஷயத்தைத் திருப்பிப் போட்டார்கள். ஃபூரியரால் படிக்க முடியுமென்றால் எழுதவும் முடியும்! சரிவுகளை ஓடவிட்டுக்கொண்டே ரேடியோ அலையின் வலிமையை மாற்றினால், சிறிய சாய்வுக் கோணங்களுக்கு, எந்த வடிவம் வேண்டுமோ அதைத் தூண்டலாம். பல்ஸ் வடிவமைப்பே ஒரு ஃபூரியர் கணக்காகிவிட்டது.

2008-ல் அதே ஸ்டான்ஃபோர்டில் எமினே சாரிடாஷ் குழு இதைத் தண்டுவடத்தின் டிஃப்யூஷன் படத்துக்குக் கொண்டுவந்தது. இரு பரிமாண பல்ஸ் ஒரு குறுகிய பட்டையை மட்டும் தூண்டும். கொழுப்பின் சிக்னல் ஸ்லைஸ் திசையில் தள்ளிப்போவதால் அடுத்த பல்ஸ் அதைச் சேர்க்காது.

ஆனாலும் கணக்கு சும்மா விடலை. பல்ஸை வரிவரியாகத் துண்டுபோட்டுக் கொடுப்பதால், தூண்டப்பட்ட பட்டைக்கும் சீரான இடைவெளியில் நகல்கள் முளைக்கும். ஒரே நேரத்தில் எத்தனை ஸ்லைஸ் எடுக்கலாம் என்பதை அது கட்டுப்படுத்தும். சாம்பிளிங் படித்த எவருக்கும் இது பழைய நண்பன்தான். படத்திலிருந்து துரத்திய மடிப்பு பல்ஸுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரே லாபம்: அது எங்கே விழணும் என்பதை இப்போது நாமே தீர்மானிக்கலாம்.