வில்லும் சட்டமும்: டாக்டர் ப. சுப்பராயனின் பொதுவாழ்வு

கொல்லிமலையைப் பற்றி எழுதப் புகும் எவரும் வல்வில் ஓரியை நினையாமல் மேற்செல்வதில்லை. புலவர்க்கு வாரி வழங்கிய அவ்வள்ளல், சேரனுக்குத் துணையாகப் படை நடத்திய மலையமான் திருமுடிக்காரியின் கையால் வீழ்ந்தான். செம்மேட்டில் அவனுக்குச் சிலை உண்டு. ஆடி தோறும் விழாவும் உண்டு. ஆயின் இதே நாமக்கல் மண்ணில், நமக்கு அண்மைக் காலத்தில், சட்டமும் ஆட்சியும் படைத்தொழிலும் ஒரே குடும்பத்தில் கூடி நின்ற வரலாற்றை நம் மலர்கள் மிகுதியும் பேசுவதில்லை. அக்குறையைச் சிறிதேனும் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் ஜமீன்தார் குடும்பத்தில் 1889ஆம் ஆண்டு பிறந்தவர் ப. சுப்பராயன். சென்னை மாநிலக் கல்லூரியிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்று, சட்டம் கற்று, சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞரானார். சாதி கடந்து அவர் மணந்த இராதாபாய், வட்டமேசை மாநாட்டில் இந்தியப் பெண்களுக்காகக் குரல் கொடுத்தவர்.

1926 டிசம்பரில், எக்கட்சியும் சாராதவராய், சுப்பராயன் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானார். அப்போது அவருக்கு அகவை 37. சைமன் குழுவைப் புறக்கணிப்பதா என்ற வினா எழுந்தபோது, உடன் அமைச்சர் இருவர் 1928இல் பதவி துறந்தனர். சுப்பராயனோ நீதிக்கட்சியின் துணையோடு ஆட்சியில் நீடித்தார். அதனைப் பதவிப்பற்று எனப் பழித்தோர் உண்டு. எனினும் அவ்வாட்சியில்தான் எஸ். முத்தையா முதலியாரின் முயற்சியால் அரசுப் பணிகளில் வகுப்புவாரி உரிமை நடைமுறைக்கு வந்தது. பழியையும் பயனையும் சேர்த்தே எடை போடுதல் வரலாற்று நெறியாகும்.

பின்னர் அவர் காங்கிரசில் இணைந்தார். ஆலய நுழைவுக்காகச் சட்டமன்றத்தில் குரல் எழுப்பினார். 1937இல் இராஜாஜி அமைத்த அமைச்சரவையில் சட்டமும் கல்வியும் அவர் பொறுப்பில் இருந்தன. 1938இல் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டது அந்த அமைச்சரவையின் காலத்தில்தான். மறியல் எழுந்தது, பலர் சிறை புகுந்தனர், 1939இல் நடராசனும் தாளமுத்துவும் சிறைவாசத்தில் மாண்டனர். கல்வித்துறையைத் தம் கையில் வைத்திருந்தவர் அவ்வாணையின் பொறுப்பிலிருந்து விலக முடியாது. தமிழன்பர் நெஞ்சில் இன்றும் ஆறாத புண் இது.

ஆனால் வரலாறு அங்கு முடியவில்லை. 1955இல் நடுவண் அரசு பி. ஜி. கேர் தலைமையில் ஆட்சிமொழிக் குழுவை அமைத்தபோது, சுப்பராயன் அதன் உறுப்பினரானார். பெரும்பான்மையோர் இந்திக்கு விரைந்து வழிவிட, வங்க மொழியறிஞர் சுநீதி குமார் சட்டர்ஜியும் சுப்பராயனும் தனித்தனியே மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தனர். இந்தி பேசாத மக்கள் தாழ்நிலைக்குத் தள்ளப்படுவர், ஆங்கிலம் தொடர வேண்டும் என்பதே அவர்கள் எச்சரிக்கையின் சாரம். 1965இல் தமிழகம் கொந்தளித்தபோது அவ்வெச்சரிக்கையின் உண்மையை நாடு உணர்ந்தது. அதனைக் காண அவர் இல்லை. இந்தோனேசியத் தூதர், நாடாளுமன்ற உறுப்பினர், நடுவண் அமைச்சர் எனப் பல பொறுப்புகளை வகித்தபின், மகாராட்டிர ஆளுநராய் இருக்கையிலேயே 1962 அக்டோபரில் அவர் மறைந்தார்.

தந்தையின் சட்டம் ஒரு மகனுக்கும், ஓரியின் படைத்தொழில் ஒரு மகனுக்கும் வாய்த்தன எனலாம். வழக்கறிஞரான மோகன் குமாரமங்கலம் பொதுவுடைமை இயக்கத்தில் சிறை சென்று, பின்னர் சென்னை மாநில அரசின் தலைமை வழக்கறிஞராகவும் நடுவண் அமைச்சராகவும் விளங்கி, 1973இல் வானூர்தி விபத்தில் இறந்தார். 1965இல் இந்திய மொழிச் சிக்கலைப் பற்றி நூல் எழுதியவரும் அவரே. மூத்தவர் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம், இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கக் களத்தில் பகைவரிடம் சிறைப்பட்டு மீண்டவர். 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதி. 1967இல் நாதுலாவில் சீனப்படையோடு மோதல் நிகழ்ந்தது அவர் காலத்தில்தான். மகள் பார்வதி கிருஷ்ணன் கோவையின் நாடாளுமன்ற உறுப்பினராகத் தொழிலாளர்க்காக வாதாடினார்.

ஓரியைப் பாடப் புலவர் இருந்தனர். ஆதலின் அவன் வாழ்கின்றான். சுப்பராயனுக்குப் பாட்டு இல்லை, கோப்புகளே உண்டு. 1938இன் கோப்பை மட்டும் விரித்தால் அவரை வெறுப்போம். ஆட்சிமொழிக் குழுவின் கோப்பை மட்டும் விரித்தால் போற்றுவோம். இரண்டையும் ஒருசேரப் படிக்கும் துணிவே நமக்கு வேண்டும். பெரும்பான்மையோர் நடுவே அமர்ந்து, தாம் முன்பு சார்ந்திருந்த ஆட்சியின் வழிக்கு மாறாகக் கையொப்பமிடுவது எளிய செயலன்று. மொழியையே உயிர்மூச்சாகக் கொண்ட மன்றத்தார் அக்கையொப்பத்தையேனும் நினைவிற் கொள்ளுதல் கடமை.