அத்தையின் நூல் கணக்கு

சென்ற மார்கழியில் என் அத்தைக்குத் தலைமுடி முழுவதும் கொட்டிவிட்டது. கீமோ தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. கோவையில் மார்கழிக் குளிருக்கு ஆண்கள் குரங்குக் குல்லாவோடு நடை போவார்கள். அத்தைக்கோ எந்தக் குல்லாவும் ஒத்துக்கொள்ளவில்லை. செயற்கை இழை வியர்த்தது. கம்பளி அரித்தது. பனியன் துணியில் தைத்த குல்லாவின் உள்தையல் மொட்டைத் தலையில் உறுத்தியது. "தையலே இல்லாம ஒண்ணு பின்னிக் குடு அம்மிணி. நானே பின்னிக்குவேன், வெரலு மரத்துக் கெடக்குது" என்றார்.

பரணிலிருந்து ஒரு துணிப்பை இறங்கியது. உள்ளே ஐந்து சைக்கிள் கம்பிகள், முனைகள் கல்லில் தேய்த்து மழுக்கப்பட்டவை. ஒரு கொண்டை ஊசி. ஒரு கோன் 30ஆம் நம்பர் நூல். இவ்வளவுதான் அத்தையின் பின்னல் சாமான். சைக்கிள் கம்பியின் கனம் இரண்டு மில்லிமீட்டர். மெல்லிய நூலுக்கு அதைவிடப் பொருத்தமான ஊசி கிடையாது. 30ஆம் நம்பர் நூல் ஒற்றையாய்ப் பின்ன முடியாத அளவுக்குச் சன்னம். பத்து இழை சேர்த்து ஒன்றாகப் பிடித்துப் பின்ன வேண்டும். "பத்து போதுங்களா அத்தை?" என்று கேட்டேன். "பத்துக்கு மேல போனா தலையில கனக்கும்" என்றார்.

நூலின் நம்பர் என்றால் என்ன என்று தமிழ் முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு அன்றுவரை தெரியாது. அத்தை பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் வகுப்புவரை. பதினேழு வயதில் சிங்காநல்லூர் மில் ஒன்றில் ரீலிங் பிரிவில் சேர்ந்தவர். அவர் சொன்ன கணக்கு இது. ரீல் சட்டம் ஒரு முறை சுற்றினால் ஒன்றரை கெஜம். 80 சுற்று ஒரு லீ, அதாவது 120 கெஜம். 7 லீ ஒரு சிட்டம், 840 கெஜம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் அடங்குகிறதோ அதுவே நூலின் நம்பர். 30ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டுக்கு 30 சிட்டம், 25,200 கெஜம். நம்பர் ஏற ஏற நூல் சன்னமாகும். ஒரு சிட்டத்துக்கு 560 சுற்று. அறுந்த இழையை ஒட்டி, சுற்று தப்பாமல், சிக்கு விழாமல் எடுத்தால்தான் அது கூலிக் கணக்கில் ஏறும். கைத்தறிக்குப் போன சிட்டா நூலெல்லாம் இப்படிப் பெண்கள் விரல்வழி போனதுதான்.

கோவை மில்களின் வரலாற்றை நாம் வழக்கமாக முதலாளிகளின் பெயர்களில் படிக்கிறோம். 1888இல் ஸ்டேன்ஸ் தொடங்கிய சி.எஸ். அண்ட் டபிள்யூ. மில், 1930களின் தொடக்கத்தில் வந்த பைக்காரா மின்சாரம், அதைத் தொடர்ந்து வரிசையாக எழுந்த புகைபோக்கிகள். அந்த வரிசை சிங்காநல்லூர் வழியாக ஒண்டிப்புதூர்வரை நீண்டது. உள்ளே ரீலிங்கிலும் வைண்டிங்கிலும் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். இந்தத் தலைமுறையில் அவர்கள் நினைவாகக்கூட இல்லை. எப்படிக் காணாமல் போனார்கள்?

யாரும் ஒரே நாளில் விரட்டவில்லை. பெண்ணைப் பாதுகாக்க வந்த சட்டங்களையே முதலாளிகள் காரணமாகக் காட்டினார்கள். பிரசவ காலத்துக்குக் கூலி தர வேண்டும் என்று சென்னை மாகாணம் 1930களில் சட்டம் செய்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 66ஆவது பிரிவில், இரவில் பெண்களை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. மூன்று ஷிப்டு ஓடும் மில்லுக்கு, இரவில் வராத, பிரசவ விடுப்பு கேட்கிற தொழிலாளி "செலவு" ஆனாள். ஓய்வு பெற்ற பெண்ணின் இடத்தில் இன்னொரு பெண் எடுக்கப்படவில்லை. ரீலிங் சுருங்கியபோது ஆண்களை வேறு பிரிவுக்கு மாற்ற முடிந்தது. அத்தையிடம், ராத்திரி ஷிப்டுக்குப் பொம்பளை ஆகாது என்று சட்டமே சொல்கிறது என்றார்களாம். 1980களின் தொடக்கத்தில், நாற்பது வயது நிரம்பும் முன்பே, அவர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த இரவு வேலைத் தடை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. சமத்துவத்தின் பக்கம் நின்ற தீர்ப்பு அது. ஆனால் கதவு திறந்தபோது உள்ளே அழைக்கப்பட்டவர்கள் அத்தையைப் போன்ற, சங்கத்தில் சந்தா கட்டிய, வீட்டிலிருந்து நடந்து வேலைக்கு வந்த பெண்கள் அல்லர். தென்மாவட்டங்களிலிருந்தும் டெல்டாவிலிருந்தும் வந்த பதின்பருவப் பெண்கள். மில் வளாகத்திலேயே விடுதி, மூன்றாண்டு ஒப்பந்தம், முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு மொத்தத் தொகை. இதற்குச் "சுமங்கலித் திட்டம்" என்று பெயர். வரதட்சணை 1961 முதல் குற்றம். அந்த வரதட்சணைக்காகவே உழைப்பதை ஒரு திட்டமாக்கி, பெயரிலேயே புருஷனையும் சேர்த்துக் கட்டினார்கள். முன்பு பாதுகாப்பின் பெயரால் வெளியே. பிறகு பாதுகாப்பின் பெயரால் விடுதிக்குள்ளே.

நூலின் கதை இது. பின்னலின் கதைக்கு சிங்காநல்லூரில் கிழக்கே பஸ் ஏறினால் போதும், திருப்பூர் வந்துவிடும். பழைய கையில்லாத பனியன் ஒன்றை எடுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் தையல் இருக்காது. வட்ட இயந்திரம் துணியைக் குழாயாகவே பின்னித் தள்ளுகிறது. குழாயின் சுற்றளவுதான் மார்பின் அளவு. அத்தை கேட்ட குல்லாவும் அதே போன்ற குழாய்தான், உச்சியில் மூடிய குழாய்.

குழாயாகப் பின்னும் அறிவு இயந்திரத்துக்கு முந்தியது. எகிப்தில் கிடைத்த இடைக்காலக் காலுறைகள் சிலவற்றில், நீலமும் வெள்ளையுமான சன்னப் பருத்தி நூலைக் கையாலேயே சுற்றிச் சுற்றிப் பின்னியிருக்கிறார்கள். 1400ஐ ஒட்டி ஜெர்மனியில் மாஸ்டர் பெர்ட்ராம் வரைந்த ஓவியம் ஒன்றில், மரியாள் குழந்தை இயேசுவுக்கான சட்டையைப் பின்னிக்கொண்டிருக்கிறாள். கழுத்துப் பகுதியில் ஊசிகள் சதுரமாக நிற்கின்றன. அத்தையின் சைக்கிள் கம்பிகளும் அப்படித்தான் நின்றன. 1589இல் வில்லியம் லீ இங்கிலாந்தில் முதல் பின்னல் சட்டத்தைச் செய்தார். அவர் மனம் கவர்ந்த பெண் எப்போதும் பின்னிக்கொண்டே இருந்ததுதான் காரணம் என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, அதில் அவர் கண்டுபிடிப்பாளர். விரல்களைப் பார்க்கக் கொடுத்த அவளுக்குப் பெயர்கூட இல்லை.

திருப்பூரிலும் ஏறத்தாழ இதே கதைதான். 1920களில் தொடங்கிய பனியன் தொழில் பல பத்தாண்டுகள் ஆண்களின் தொழிலாகவே இருந்தது. 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அதையொட்டி ஏற்றுமதி பெருகியபோது பெண்கள் பெருமளவில் வந்தார்கள். வந்தவர்களுக்குக் கிடைத்தவை கைமடிக்கிற வேலை, பிசிர் வெட்டுகிற வேலை, செக்கிங், பேக்கிங். பிறகு தையல் இயந்திரத்திலும் உட்கார்ந்தார்கள். வட்டப் பின்னல் இயந்திரத்தின் முன்னால் மட்டும் இன்றைக்கும் ஆண்களே அதிகம் நிற்கிறார்கள். உலகமெங்கும் பெண்ணின் கைவேலையாக அறியப்பட்ட ஒன்று, மோட்டார் பூட்டியதும் ஆணின் "டெக்னிக்கல்" வேலையாகிவிடுகிறது. அவள் "ஹெல்பர்" ஆகிவிடுகிறாள்.

அத்தைக்குக் குல்லா மட்டும் போதவில்லை. "சடை போட்டுக் குடு" என்றார். பின்னல் புத்தகங்கள் கேபிள் என்று சொல்வதை அவர் சடை என்பார். போன முடிக்குப் பதிலாகக் கேட்கிறார் என்று எனக்குத் தொண்டை அடைத்தது. அவரோ, "சடை போட்டாத்தான் துணி தலையோட ஒட்டும். பருத்தி கம்பளி மாதிரி இழுத்துப் புடிக்காது" என்றார். சரிதான். கண்ணிகள் ஒன்றையொன்று தாண்டும்போது துணி உள்ளுக்கு இழுபடும். அதனால்தான் சடைக்குல்லாவுக்கு வழக்கத்தைவிட அதிகக் கண்ணிகள் போட வேண்டும்.

செய்முறை எளிது. நான்கு கம்பிகளில் கண்ணிகள் நிற்க, ஐந்தாவது கம்பி பின்னுகிறது. ஆறு கண்ணி நேர்ப்பின்னல், நான்கு கண்ணி எதிர்ப்பின்னல். நேர்ப்பின்னல் மேடாகவும் எதிர்ப்பின்னல் பள்ளமாகவும் விழும். எட்டு சுற்றுக்கு ஒரு முறை, ஆறில் முதல் மூன்று கண்ணியைக் கொண்டை ஊசிக்கு மாற்றி முன்னால் தொங்கவிட்டு, அடுத்த மூன்றைப் பின்னி, பிறகு தொங்கும் மூன்றைப் பின்ன வேண்டும். முன்னால் தொங்கவிட்டால் சடை இடப்பக்கம் சாயும். பின்னால் விட்டால் வலப்பக்கம். வட்டமாகப் பின்னுவதால் துணியின் நேர்ப்பக்கம் எப்போதும் நம்மைப் பார்த்தே இருக்கும். 20 அங்குல விட்டமும் 24 கேஜும் உள்ள திருப்பூர் இயந்திரம் ஒன்றில் சுமார் 1,500 ஊசிகள் உண்டு. ஆனால் சாதாரண பனியன் இயந்திரம் இந்தச் சடையைப் போடாது. அதன் ஊசிகள் தம் கண்ணிகளை அடுத்த ஊசியோடு இடம் மாற்றிக்கொள்ள முடியாதவை.

நாற்பதுகளின் ஏதோ ஒரு சுற்றில் நான் ஒரு சடையை முன்னால் விடுவதற்குப் பதில் பின்னால் விட்டிருந்தேன். ஒன்பது சுற்று கழித்து, குல்லாவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அத்தை, "ஒண்ணு எதுத்தாப்புல திரும்பியிருக்குது பாரு" என்றார். முழுக்கப் பிரிக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஆறு கண்ணிகளை மட்டும் பிழைவரை கீழே இறக்கி, மாற்றிப் போட்டு, இழை இழையாக மேலே ஏற்றச் சொல்லிக்கொடுத்தார். நாற்பது ஆண்டுகளாக எந்த மில்லும் கூலி தராத கண் அது.

இந்த அறிவுக்கு எங்கள் வீட்டில் இருந்த பெயர் பொழுதுபோக்கு. என் வகுப்பில் அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டால் மாணவிகள் சொல்வதும் இதுதான்: "சும்மாதான் இருக்காங்க மேம், கம்பெனிப் பீஸ் வாங்கிப் பிசிர் வெட்டுவாங்க."

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நன்னூல் நினைவுக்கு வரும். பவணந்தி 13ஆம் நூற்றாண்டில், நூல் என்று ஏன் பெயர் வந்தது என்று விளக்க, பஞ்சு நூற்கும் பெண்ணைக் கொண்டுவருகிறார். சொல்தான் பஞ்சு, வாய்தான் கை, மதிதான் கதிர், புலவன்தான் நூற்கும் அந்தச் சேயிழை. இருபது ஆண்டுகளாக இதை அழகான உவமை என்று நடத்திவந்தேன். உவமை புரிய வேண்டுமென்றால், அவள் வேலை எவ்வளவு நுட்பமானது என்று கேட்பவர்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தது. அதனால்தான் புலவனின் உழைப்பை அவள் உழைப்பால் அளந்தார்கள். ஆனால் அவள் இடத்தில் புலவன் உட்கார்ந்ததும் அவள் எழுந்து போய்விட்டாள். அவன் நூலுக்கு ஆசிரியன் ஆனான். அவள் உவமையில் தங்கிவிட்டாள். ரீலிங் பிரிவிலும் பனியன் கம்பெனியிலும் நடந்தது இதுவேதான்.

ஒண்டிப்புதூர் கம்போடியா மில் 2020 மார்ச் பொதுமுடக்கத்தோடு ஓட்டத்தை நிறுத்தியது. சிங்காநல்லூர் மில்கள் பல அதற்கு முன்பே மூடிவிட்டன. எந்த அருங்காட்சியகத்திலாவது ஒரு ரீல் சட்டம் மிஞ்சலாம். 80 சுற்றுக்கு ஒரு லீ என்று விரல் அறிந்த பெண்கள் இன்னும் சில ஆண்டுகளே இருப்பார்கள். உங்கள் தெருவில் ஒருவர் இருந்தால், அவர் என்ன நம்பர் நூல் ஓட்டினார் என்று போய்க் கேளுங்கள்.

குல்லா முடிந்த அன்று அத்தை கேட்டது, "எத்தன கண்ணி போட்ட?" சொன்னேன். "எழுதி வெச்சுக்க. அடுத்தவளுக்கு ஆகும்."

எழுதி வைத்திருக்கிறேன். 30ஆம் நம்பர் பருத்தி, பத்து இழை. கம்பி ஐந்து, இரண்டு மில்லிமீட்டர். கண்ணி 180, பத்துப் பத்தாகப் பதினெட்டு சடை. 70 சுற்று, பிறகு உச்சிக் குறைப்பு. மொத்தம் 12,600 கண்ணிக்கு மேல். பின்னியது நான்; கணக்கு அத்தையுடையது.